நல்ல அண்டை வீட்டார் கேடயம்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. அந்தக் கதவை ஒருக்களித்தே வைத்துவிட்டு வாங்க, யாராவது வந்தால் தெரியட்டும். இன்றைக்கு ஒரு கதவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கூட்டம் வருகிறது என்றதும் சாத்திக்கொண்ட கதவு, கூட்டம் போனதும் தானே திறந்துகொண்ட கதவு. அதைச் சாத்தினவர்களுக்குக் கூட்டத்தைச் சமாளித்தவர்கள் என்று பெயர். சிரிப்பு வந்தால் சிரியுங்க. நடுவில் தொண்டை அடைத்தால் சொம்பில் தண்ணீர் இருக்கிறது.

நீடாமங்கலம் தெரியுமில்லையா. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகிறவர்களை ரயில்வே கேட் நிறுத்தி, கொஞ்ச நேரம் தன் வாழ்க்கையைப் பற்றி யோசிக்க வைக்கிற ஊர். நெல் மூட்டை ஏற்றின கூட்ஸ் வண்டி முன்னால் போகும். பிறகு எதையோ மறந்துவிட்ட மாதிரி பின்னால் வரும். மறுபடி முன்னால் போகும். அந்த கேட்டடியில் வெள்ளரிப்பிஞ்சு விற்றே பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டுக்குப் பக்கத்து வீட்டில் மலர்க்கொடி என்று ஒருத்தி. இட்லி மாவு அரைத்து விற்கிறவள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. ஒரே மகன் பரிதி. அவன் கம்ப்யூட்டர் படிக்கும்போது, கடைசி வருஷம் ஏதாவது ஒன்று செய்து காட்ட வேண்டும் என்றார்களாம். அவன் சமையலறை ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்தான். 'நீடாமங்கலம் கேட் நிலவரம்' என்று இணையத்தில் ஒரு பக்கம் செய்துவிட்டான். அம்மாவின் போனில் இரண்டு பொத்தான். சிவப்பைத் தொட்டால் மூடியிருக்கு. பச்சையைத் தொட்டால் திறந்திருக்கு. கீழே ஒரு வரி எழுத இடம். சோற்றை வடித்துக்கொண்டே ஜன்னலில் எட்டிப் பார்த்து அவள் தொடுவாள். உலகத்துக்கே தெரிந்துவிடும்.

அவனுக்கு நல்ல மார்க் கிடைத்தது. புனேயில் வேலையும் கிடைத்தது. போய்விட்டான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தாலாவது சமாதானம் பேசப் போகலாம். முதலில் தினம் பேசினான், பிறகு ஞாயிற்றுக்கிழமை பேசினான், பிறகு பொங்கல் தீபாவளி என்று ஆனது. மலர்க்கொடி மட்டும் பொத்தானை விடவில்லை. 'மூடியிருக்கு. கூட்ஸ். தூறல் விழுது.' 'திறந்திருக்கு. இன்னிக்கு சுண்டைக்காய் வத்தக்குழம்பு.' 'மூடியிருக்கு. எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு, நாலும் செவலை.' வேலைக்கு வேண்டியது ஒரு வார்த்தைதான். மிச்சமெல்லாம் வேறு ஒருத்தருக்காக எழுதினது.

ஏனென்றால் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. 'இன்று வந்தவர்' என்று போட்டு ஒரு எண். பக்கத்துக்குச் சொந்தக்காரர் எத்தனை தரம் திறந்தாலும் அது எண்ணாது. வெளி ஆள் வந்தால்தான் எண்ணும். விடியற்காலை அஞ்சு மணி வரைக்கும் சுழியாக இருக்கும். அஞ்சு அடித்ததும் ஒன்று ஆகும். அப்புறம் நாள் பூராவும் ஒன்றுதான். மழையானாலும் ஒன்று, தீபாவளியானாலும் ஒன்று.

அந்த ஒன்று யார் என்று அவளுக்குத் தெரியும். பரிதிக்கு ராத்திரி ஷிப்ட். அஞ்சு மணிக்கு முடியும். முடிந்ததும் அம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறான். போன் பண்ண வெட்கம், பாவம். அஞ்சு மணிக்கு அவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள். சுழி ஒன்றாக மாறும். 'வந்துட்டியா' என்பாள். அப்புறம்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

இப்படி இருக்கும்போது குருப்பெயர்ச்சி வந்தது.

குரு கோயில் இருக்கிற ஆலங்குடி, நீடாமங்கலத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். குரு ஒரு ராசியைக் காலி பண்ணிக்கொண்டு இன்னொரு ராசிக்குக் குடிபோகிற நாளில் நாடே அங்கே வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான் மலர்க்கொடியின் பக்கத்தைக் கண்டுபிடித்து, 'ஆலங்குடி போறவங்க இதைப் பாத்துட்டுக் கிளம்புங்க' என்று வாட்ஸப்பில் தட்டிவிட்டார். அது ஒரு குரூப்பிலிருந்து பத்து குரூப்புக்குப் போனது.

அவள் வத்தலைக் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் கட்டத்தில் நானூறு. சாதத்தை வடித்துவிட்டு வந்து பார்த்தால் எண்ணுக்கு அந்தக் கட்டம் போதவில்லை, வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு இத்தனை பேர் வந்தால் என்ன செய்வாளோ அதைத்தான் மலர்க்கொடி செய்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு எழுதினாள். 'வாங்க வாங்க. கேட் மூடியிருக்கு. வெயில் கொளுத்துது, பிள்ளைங்களுக்குத் தண்ணி குடுங்க.'

அந்த வரி போய்ச் சேரவில்லை. பக்கம் முதலில் நத்தையாய் ஊர்ந்தது. பிறகு மூச்சு வாங்கியது. பிறகு வெள்ளையாகி, நடுவில் ஒரே வரி வந்தது. 'இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'

கூடவே ஒரு மெயில். பரிதி அந்தப் பக்கத்தைக் குடிவைத்திருந்தது தஞ்சாவூரில் பொன்னிவளம் ஹோஸ்டிங் என்ற நிறுவனத்தில். நம்மில் தனி வீடு கட்ட முடியாதவர்கள் ஒண்டுக்குடித்தனம் இருப்பதில்லையா, அது மாதிரி ஒரே மெஷினில் பல பேருடைய பக்கங்களைச் சேர்த்துக் குடிவைக்கிற கம்பெனி. மெயிலில் எழுதியிருந்தார்கள்: 'வாழ்த்துகள். உங்கள் தளம் மக்களின் பேராதரவைப் பெற்றுள்ளது. ஆகவே அதை நிறுத்தி வைத்துள்ளோம்.'

அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். கேட் மூடியிருந்தது. வண்டிகள் பெரிய தெரு வரைக்கும் நின்றன. முதல் காரில் இருந்த ஒரு பையன், கேட் கம்பு மூக்கில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட் மூடியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் போனைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் குனிந்து, "மூடியிருக்கு தம்பி" என்றாள். அவன் ரொம்ப நன்றி சொன்னான்.

கூட்டத்தைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவர்கள் குருவைப் பார்த்துவிட்டு ஊர் போய்ச் சேருவார்கள். கவலையெல்லாம் மறுநாள் அஞ்சு மணிக்கு வரப்போகிறவனைப் பற்றித்தான். வந்து பார்த்தால் வெள்ளையாக இருக்கும். அம்மா நிறுத்திவிட்டாள் என்று நினைப்பானா. அம்மாவே நின்றுவிட்டாள் என்று நினைப்பானா. மறுநாள் அஞ்சு மணிக்கு எழுந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வெள்ளைப் பக்கத்தில் கட்டமே இல்லை. வந்தானா இல்லையா என்று தெரியவில்லை. அன்றைக்கு அடுப்பு பற்ற வெகுநேரம் ஆனது.

கம்பெனிக்குப் போன் போட்டாள். அங்கே காத்திருக்கச் சொல்லிவிட்டு நாதஸ்வரம் வாசித்தார்கள். காப்புக் கட்டி, ஊஞ்சலாடி, தாலி கட்டி, பந்தி எழுந்திருக்கிற வரைக்கும் வாசித்தார்கள். கடைசியில் கனிமொழி என்று ஒரு பெண் எடுத்தது. நல்ல குரல். உங்கள் புகாரை எங்கள் தளத்தில் உங்கள் கணக்கு வழியாக நுழைந்து பதிவு செய்யுங்கள் என்றது. கணக்கை நிறுத்திவிட்டீர்களே என்றாள் இவள். ஆமாம், அதனால் நுழைய முடியாது, அதைத்தான் புகாராகப் பதிவு செய்ய வேண்டும் என்றது அந்தப் பெண். எழுதி வைத்ததை வாசிக்கிற குரல்.

இவள் விடவில்லை. அளவில்லாத் திட்டம் என்று சொல்லித்தானே என் பையன் எடுத்தான் என்று கேட்டாள்.

"அளவில்லாததுக்கும் ஒரு அளவு இருக்கும்லம்மா" என்றது கனிமொழி. அதை மட்டும் எழுதி வைத்ததைப் பார்க்காமல், சொந்தமாகச் சொன்னது.

பிறகு வேறு திட்டங்களின் பெயரைச் சொன்னது. இப்போது இருப்பது குறுவைத் திட்டம். அதற்கு மேல் சம்பாத் திட்டம். அதற்கும் மேல் கல்லணைத் திட்டம், அதில் எவ்வளவு பேர் வந்தாலும் தாங்கும், ஆனால் எவ்வளவு பேர் வருவார்கள் என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அதுவும் முடியாதென்றால் வருகிறவர்களிடம் சொல்லி முறைவைத்து வரச் சொல்லுங்கள், இன்றைக்கு மேஷம் ரிஷபம், நாளைக்கு மிதுனம் கடகம் என்று.

மறுநாள் மலர்க்கொடி பஸ் ஏறித் தஞ்சாவூருக்கே போய்விட்டாள்.

ஆபீஸ் ஒரு மாடியில். வாசலில் எழுதியிருந்தது: 'விருந்தோம்பலே எங்கள் தொழில்.' கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. தட்டினதும் ஒரு துவாரம் வழியாகப் பார்த்து, நீங்கள் ஒருத்தர்தானா என்று கேட்டுவிட்டுத் திறந்தார்கள்.

உள்ளே சுவரில் ஒரு பெரிய டிவி. அதில், வருகிற கூட்டத்தின் அளவைக் காட்டுகிற ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. மேடு பள்ளம் இல்லாமல், உழுது பரம்படித்த நாற்றங்கால் மாதிரி மட்டமான கோடு. டிவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் போட்டிருந்தது. போகிற வருகிற ஊழியர்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மெஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அது வெளிநாட்டில் இருக்கிறது, இங்கே அதற்கு விளக்கு மட்டும்தான் ஏற்றுகிறோம் என்றார்கள். நேற்று முன்தினம் அந்தக் கோடு திடீரென்று எழும்பிவிட்டதாம். எல்லோரும் நடுங்கிப்போய், வாசலில் பூசணிக்காய் உடைத்துத்தான் அடங்கினதாம். இவள் பக்கத்தை நிறுத்தின நேரமும் பூசணிக்காய் உடைத்த நேரமும் ஒன்று. எதனால் அடங்கினது என்பதில் ஆபீஸில் இரண்டு கட்சி இருக்கிறது.

கூட்ட மேலாண்மைப் பிரிவின் தலைவர் இளஞ்செழியன். நல்ல மனுஷர், எழுந்து நின்று கும்பிட்டார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவள் தன் பக்கத்தைத் திறந்துவிடும்படி கேட்டாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார்.

"அம்மா, கூட்டம் வந்தா எப்படிச் சமாளிக்கணும்னு எங்ககிட்ட தெளிவான முறை இருக்கு. முதல்ல வேகத்தைக் குறைப்போம். வேகம் குறைஞ்சா ஜனங்க பக்கம் வரலியேன்னு மறுபடி மறுபடி தட்டுவாங்க. தட்டத் தட்ட கூட்டம் ஜாஸ்தியாகும். ஜாஸ்தியானா இன்னும் குறைப்போம். அப்பவும் வந்தா நிறுத்திடுவோம். நிறுத்தினதும் கூட்டம் போயிடும். இதுவரைக்கும் ஒரு தடவைகூட தோத்ததில்ல."

மலர்க்கொடி, வந்தவர்கள் பாவம்தானே என்றாள்.

"யார் வந்தாங்கங்கறது எங்களுக்கு முக்கியம் இல்லம்மா. யார் வரலங்கறதுதான் முக்கியம். எங்ககிட்ட ஆயிரக்கணக்கான பக்கம் நிம்மதியா குடியிருக்கு. ஏன் நிம்மதியா இருக்கு? யாரும் வர்றதில்ல. யாரும் வராத வரைக்கும் இருபத்துநாலு மணி நேரமும் நாங்க கதவைத் திறந்தே வச்சிருப்போம். அதுல சமரசமே கிடையாது."

பிறகு குரலைத் தாழ்த்தினார். ஒரே வாய்க்காலில் பாய்கிற பல வயல் மாதிரிதான் இது. மேல்மடைக்காரி எல்லாத் தண்ணியையும் இழுத்துவிட்டால் கடைமடைக்காரன் என்ன செய்வான். இவள் வீட்டுக்கு வந்த கூட்டத்தால் அண்டை வீட்டுப் பக்கங்களெல்லாம் பாதிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று தெரிந்தால்தான் திறக்க முடியும். அந்த அண்டை வீட்டார் யார் என்று கேட்டாள். அது ரகசியம் என்றார். எத்தனை பேர் என்று கேட்டாள். அது இன்னும் ரகசியம் என்றார்.

எழுதிவைத்த விதியை ஒப்பிப்பது மாதிரிதான் அவர் சொன்னார். ஆனால் அவளுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. அவள் நடவு நட்ட குடும்பத்தில் பிறந்தவள். நம்ம வரப்பு உடைந்து அடுத்தவர் நாற்றங்காலில் தண்ணீர் பாய்ந்துவிட்டால், ஆள்விட்டுச் சொல்லக்கூடாது. நாமே போய், சாப்பிடுவதற்கு முன்னால், அவர் வாசலில் நின்று சொல்ல வேண்டும். அவர் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் மன்னித்துவிட்டார் என்று அர்த்தம். இவள் இரண்டு நாளாக அண்டை வீட்டாரை மூழ்கடித்துவிட்டு இட்லி தின்றுகொண்டு இருந்திருக்கிறாள்.

கலங்கின கண்ணோடு எழுந்தபோது சுவரில் ஒரு படம் தெரிந்தது. ஒல்லியான பெரியவர் ஒருத்தருக்கு இதே இளஞ்செழியன் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுக்கிறார். கீழே எழுதியிருந்தது. 'ஆண்டின் நல்ல அண்டை வீட்டார். திரு. சிங்காரவேலு, பாத்திர வாடகை, குடவாசல்.'

இவர் எதற்காக வாங்கினார் என்று கேட்டாள். இளஞ்செழியன் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கமான மனுஷர்மா. மூணு வருஷமா அவர் பக்கத்துக்கு ஒரு ஈ காக்கா வந்ததில்ல. எல்லாரும் அவர் மாதிரி இருந்துட்டா இந்தத் தொழில் எங்கயோ போயிடும்."

மறுநாள் காலையில் மலர்க்கொடி பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரு சீப்பு பூவன்பழமும் வெற்றிலைபாக்கும் வாங்கிக்கொண்டு, வலங்கைமானில் பஸ் மாறி குடவாசல் போனாள். பாத்திர வாடகை சிங்காரவேலு வீடு என்றால் எல்லோரும் கை காட்டினார்கள். காட்டிவிட்டு, எதற்கு என்று ஆச்சரியப்பட்டார்கள்.

வீடு முழுக்கப் பாத்திரம். கூடத்தில் அண்டாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கூரை வரைக்கும் நின்றன. ஆயிரம் பேர் சாப்பிடுகிற சாமான்களுக்கு நடுவில், ஒரு சின்ன அலுமினியச் சட்டியில் ஒருத்தருக்கான கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் மண்டபத்திலேயே எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். இவரிடம் வருவதில்லை. இணையத்தில் பக்கம் போட்டால் கூட்டம் அலைமோதும் என்று பொன்னிவளம் கம்பெனி ஆள் சொல்லித்தான் அவர் அதைப் போட்டார்.

அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை. "அண்ணே, நான் நீடாமங்கலம். உங்க பக்கத்துவீடு. எங்க வீட்டுக்கு அளவு தெரியாம கூட்டம் வந்துடுச்சு. உங்களுக்கு ரொம்பத் தொந்தரவாயிருக்கும். மனசுல வச்சுக்காதீங்க."

சிங்காரவேலு நீடாமங்கலம் எப்படிப் பக்கத்துவீடு ஆகும் என்று யோசித்தார். வெயிலில் வந்திருக்கிறாள் என்று ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் கண்ணீரோடு அதை வாங்கிக் குடித்தாள். தாகத்துக்கு இவ்வளவு அழுகிற பொம்பளையை அவர் பார்த்ததில்லை.

பிறகு உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு என்னம்மா தொந்தரவு? கூட்டம் வந்தப்ப நாலு பேரை இந்தப் பக்கம் தள்ளி விட்டிருக்கலாம்ல. பாத்திரமாவது பாத்துட்டுப் போயிருப்பாங்க."

கேடயம் எங்கே என்று அவள் கேட்டாள். அவர் கஞ்சிச் சட்டியைக் காட்டினார். மேலே மூடியிருந்தது கேடயம். நல்ல கனம், ஆவி வெளியே போகாது என்றார். விருது கொடுத்த அன்றைக்கு எதற்கு என்று தெரியாமல் வாங்கிவிட்டாராம். மேடையில் இளஞ்செழியன் பேசப் பேசத்தான் விளங்கினதாம். பொன்னாடையைக்கூட வழியில் ஒரு ஆட்டுக்குப் போர்த்திவிட்டு வந்ததாகச் சொன்னார். அது உண்மையோ பொய்யோ.

"ஆனா ஒண்ணும்மா. யாருமே வரலன்னு அவங்க சொன்னது பொய்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். "தினம் ஒருத்தர் வருவாங்க, பக்கத்துக்கு அடியில கட்டத்துல ஒண்ணுன்னு விழும். என் பொண்ணு பூமிகா. நான் சம்மதிக்காத இடத்துல கட்டிக்கிட்டு திருப்பூர் போயிட்டா. பேச்சுவார்த்தை இல்ல. ஆனா காலைல எந்திரிச்சதும் என் பக்கத்தைப் பாப்பா. பிள்ளைகளுக்குச் சோறு கட்டணும்னு அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிச்சிடுவா போல."

மலர்க்கொடி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு. ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஆகாது."

"எனக்கும் அஞ்சுண்ணே" என்றாள். "என் மகன்."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. கஞ்சி கொதித்துக் கேடயத்தைத் தூக்கிப் போட்டது. யாரும் எழுந்து எடுக்கவில்லை.

சிங்காரவேலுதான் முதலில் போனை எடுத்தார். நாதஸ்வரம் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கனிமொழிதான் எடுத்தது. தினம் அஞ்சு மணிக்கு வருகிறது யார் என்று கேட்டார்கள்.

"அது எங்க மெஷின்ங்க. எல்லாப் பக்கத்தையும் ஒரு தடவை தட்டிப் பார்க்கும். உயிரோட இருக்கான்னு."

"எங்களையா?" என்றாள் மலர்க்கொடி.

"பக்கத்தைம்மா." பிறகு அந்தப் பெண்ணே கேட்டது. "ஏம்மா, என்ன ஆச்சு?" அதுவும் எழுதி வைத்ததில் இல்லாதது.

ஒன்றும் இல்லை என்றார் சிங்காரவேலு. மேலதிகாரியிடம் கொடுக்கச் சொன்னார். இளஞ்செழியன் வந்து, கேடயக்காரர் என்றதும் மரியாதையாக நலம் விசாரித்தார். எனக்கு ஆட்சேபணை இல்லை, இந்தம்மா பக்கத்தைத் திறந்து விடுங்க என்றார் இவர். அவர் மனம் நொந்துபோனார். நீங்களே இப்படிப் பேசலாமா, உங்கள் பக்கத்துக்கு வருகிறவர்கள் அன்றைக்கு எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்கள் என்று யோசித்தீர்களா என்று கேட்டார்.

"யாரும் வர்றதில்லன்னுதானே சார் கேடயம் குடுத்தீங்க."

அந்தப் பக்கம் மறுபடி நாதஸ்வரம் கேட்டது.

அவள் ஊருக்குத் திரும்பி வரும்போது பஸ் ஆலங்குடியைத் தாண்டியது. பந்தல்காரர்கள் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் மிதிபட்ட மஞ்சள் துணியும் கொண்டைக்கடலையும் கிடந்தன. கூட்டம் போய்விட்டது. அதே நேரத்தில் போனில் மெயில் வந்தது. 'கூட்டம் கலைந்துவிட்டதால் உங்கள் தளம் மறுபடி திறக்கப்படுகிறது. இனி யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதே நிலை நீடித்தால் அடுத்த ஆண்டுக் கேடயத்துக்கு உங்கள் பெயர் பரிசீலிக்கப்படும்.' சிங்காரவேலு அண்ணன் சொன்னதைக் கேட்டுத் திறக்கவில்லை. ஆட்சேபணை பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழைவிட்ட பிறகு குடையைக் கையில் கொடுத்துவிட்டு, நனைத்துவிடாதே என்று சொல்கிற ஜாதி அது.

அன்று சாயங்காலம் அவள் ஒரு காரியம் செய்தாள். மகனுக்குப் போன் போட்டாள். இத்தனை நாள் அவன் வந்து பார்க்கிறான் என்று நம்பிக்கொண்டு, இவள் கூப்பிடாமலே இருந்துவிட்டாள். இரண்டாவது தடவை அடித்தபோது எடுத்தான். சாப்பிட்டாயா என்றான். உடம்பு நன்றாக இருக்கிறதா என்றான். மீட்டிங்கில் இருக்கிறேன், ராத்திரி ஷிப்டெல்லாம் போய் வருஷமாச்சே என்றான். அவள் கடைசியாகக் கேட்டாள், பக்கம் மூணு நாளா நின்னு போயிருந்துச்சே, பாத்தியா என்று.

"எந்தப் பக்கம்மா?" என்றான்.

கேட் நிலவரம் என்றாள். அவனுக்கு ஞாபகம் வரவே கொஞ்ச நேரம் ஆனது. வந்ததும் சிரித்தான். அது இன்னும் இருக்கா என்று கேட்டான். கெட்ட பிள்ளை இல்லை, கண்ணுகளா. உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். அப்புறம் கூப்பிடறேன்மா என்று வைத்துவிட்டான்.

மலர்க்கொடி ஜன்னலில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்ஸ் முன்னால் போனது. பின்னால் வந்தது. கேட் திறந்தது. பொத்தானைத் தொடவில்லை. மறுபடி மூடியது. தொடவில்லை. யாருக்காகத் தொடுவது.

இருட்டினதும், ஏதோ நினைத்துக்கொண்டு, சிங்காரவேலுவின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அண்டா, தவலை, ஜமுக்காளம், குத்துவிளக்கு என்று வரிசையாகப் படம் போட்டிருந்தார். ஒவ்வொரு படத்தையும் நின்று பார்த்தாள். கீழே ஒரு வரி எழுதியிருந்தார், இவளைப் போலவே, வேலைக்கு வேண்டாத வரி. 'எல்லாம் புளி போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கேன். எப்ப வந்தாலும் பளபளன்னு இருக்கும்.' திருப்பூருக்கு எழுதின வரி அது. அடியிலிருந்த கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு ஆனது.

மறுநாள் அஞ்சு மணிக்கு அவள் எழுந்துகொள்ளவில்லை. மெஷின் வந்து, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கும். அவள் விடிந்து எழுந்து, அடுப்பைப் பற்ற வைத்து, காபி கலந்த பிறகுதான் போனை எடுத்தாள். ஒன்று என்றுதான் இருந்தது. சரி என்று நினைத்துக்கொண்டு, கேட்டைப் பார்த்து, பழக்கத்தில் சிவப்பைத் தொட்டாள். 'மூடியிருக்கு.' அதோடு விட்டுவிட்டாள்.

காபியை ஒரு வாய் குடிப்பதற்குள் கட்டத்தில் இரண்டு என்றது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். குடவாசலில் ஒருத்தர், நீடாமங்கலம் கேட்டைத் தாண்ட எந்த வேலையும் இல்லாத ஒருத்தர், கேட் மூடியிருக்கிறது என்று இப்போது தெரிந்துகொண்டுவிட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தைக்குப் பக்கத்தில் எழுதினாள். 'கூட்ஸ் நிக்குது. எடுக்க நேரமாகும் போல. நாய்க்குட்டியில ஒண்ணு வீட்டுக்குள்ள வந்துடுச்சு. கஞ்சியில உப்பு கம்மியா போடுங்க.'

அவ்வளவுதான் கண்ணுகளா. பொன்னிவளத்தில் அந்தக் கோடு அன்றைக்கும் மட்டமாகத்தான் ஓடியது. சந்தனம் காயாமல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு என்ற எண்ணுக்கெல்லாம் அது எழும்பாது.

போய் வாங்க. உங்க வீட்டில் விசேஷம் வரட்டும். வருகிற கூட்டத்துக்கு உங்க வாசல் குறுகாமல் இருக்கட்டும், அண்டா காயாமல் இருக்கட்டும். கூட்டம் இல்லாத நாளிலும் ஒரே ஒருத்தராவது வந்து, உயிரோடு இருக்கீங்களா என்று கதவைத் தட்டட்டும். தட்டுகிறவருக்குக் கை இருக்கட்டும், வாங்க என்று சொல்ல உங்களுக்குக் குரல் இருக்கட்டும்.